கிருஷ்ணவேணியம்மா ஆஸ்பத்திரி

11 மார்ச் 1938
இன்று முப்பத்தாறு பேர். பாதிக்கு மேல் குளிர்சுரம். குயினைன் புட்டி காலியாகப் போகிறது.

சாயங்காலம் மாசிலாமணி சார் பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கே வந்தார். எங்கள் சேவா சங்கத்துக்கு அவர்தான் காரியதரிசி. "மேரி, நல்ல சேதி. நம்ம ஊரு பிரம்மதேசத்துக்கு டாக்டர் கிடைச்சுட்டாங்க. லேடி டாக்டர், எல்.எம்.பி. படிச்சவங்க" என்றார்.

சந்தோஷம் சார் என்றேன். சந்தோஷம்தானா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த இடம் நிலக்கடலை மூட்டை அடுக்கும் மல்லாட்டை மண்டி. எலியை விரட்டியது நான். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது நான். இரண்டு பெஞ்சி, ஒரு அடுப்பு, ஒரு நர்ஸ், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. ஜனங்கள் இதை "மேரியம்மா கொட்டாய்" என்கிறார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

2 ஏப்ரல்
வந்துவிட்டாள். பெயர் கிருஷ்ணவேணி. கண்டமங்கலம் பக்கம், நிலபுலம் உள்ள குடும்பம். என்னைவிட எட்டு வயது சின்னவள். வந்ததும் வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுக் கை கழுவினாள். "அக்கா, இந்த ஊரைப் பத்தி நீங்க சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணும்" என்றாள்.

அக்காவாம்.

19 ஏப்ரல்
பெரிய தெருவில் ஒரு பிரசவம். இரண்டு பேரும் போனோம். நான் வழக்கம்போல மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பினேன். சேரியில் பிறந்தவள் அந்தத் தெரு வீடுகளில் வாசல் வழியாக நுழைய முடியாது, கொல்லை வழிதான். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். வீட்டுக்காரரிடம், "அவங்க எங்கூடத்தான் வருவாங்க. இல்லன்னா நானும் கொல்லைப் பக்கமாவே வர்றேன்" என்றாள். அவர் ஒதுங்கி வழி விட்டார்.

மூன்று வருஷமாக அந்த வீட்டில் எத்தனை தொப்புள்கொடி அறுத்திருப்பேன்! அப்போதெல்லாம் திறக்காத வாசல், அவள் ஒரு வார்த்தை சொன்னதும் திறந்துவிட்டது. ஊரெல்லாம் அவள் நல்ல மனசைத்தான் பேசுகிறார்கள். நானும் நன்றி சொன்னேன். மனசாரச் சொல்லவில்லை.

7 செப்டம்பர்
ஜனங்கள் எனக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த பரங்கிக்காய், முருங்கைக்கீரை, அவித்த மல்லாட்டை எல்லாம் இப்போது அவள் மேஜைக்குப் போகிறது. அவள் பாதியை எடுத்து என்னிடம் தருகிறாள். பாதியை வாங்குவதுதான் வலிக்கிறது.

21 ஜனவரி 1939
சேரியிலிருந்து அம்சா வந்தாள். அவள் மூன்று பிள்ளைகளையும் கையில் ஏந்தியவள் நான். வாசலில் நின்று, "டாக்டரம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். நான் பார்க்கிறேன் என்றேன். "இருக்கட்டும் மேரியக்கா, நான் குந்திக்கினு இருக்கேன்" என்றாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

என் ஜனமும் போய்விட்டது.

4 ஜூன்
திண்டிவனம் சந்தையில் ஒரு வண்டிக்காரன் இன்னொருவனுக்கு வழி சொல்கிறான்: "கிருஷ்ணவேணியம்மா ஆஸ்பத்திரியாண்ட இறங்கிக்க."

16 ஜனவரி 1940
எழுதத்தான் வேண்டும். எழுதாமல் இருந்தால் நானே மறைத்துவிடுவேன்.

நேற்று முன்தினம் காலை பத்து மணி இருக்கும். சக்கரபாணி ஓடி வந்தான். ஊருக்கு மேற்கே சொந்தக் கழனி வைத்திருப்பவன். மனைவி சின்னபொண்ணுக்குத் தலைப்பிரசவம், விடியலிலிருந்து வலி. "டாக்டரம்மா இல்லீங்களா? ஜல்தி வரச் சொல்லுங்க" என்றான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே உள்ளே எட்டிப் பார்த்தான்.

அவள் உள் அறையில் மருந்துப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல இல்ல. நானே வர்றேன்" என்றேன்.

ஏன் சொன்னேன்? இந்த ஒன்றையாவது நானே முடிக்க வேண்டும் என்றுதான். போனதும் தொட்டுப் பார்த்தேன். பிள்ளை குறுக்கே கிடந்தது. அப்போதே ஆளை அனுப்பியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பனிக்குடம் உடைந்து, கை வெளியே வந்துவிட்டது. மதியத்துக்கு மேல்தான், "டாக்டரம்மா இப்ப வந்திருப்பாங்க, போய்ப் பாரு" என்று சக்கரபாணியிடம் சொன்னேன்.

அவள் ஓட்டமாக வந்தாள். நான் குளோரோபாரம் பிடித்தேன். அவள் பிள்ளையைத் திருப்பி எடுத்தாள். ஆண் பிள்ளை. உயிர் இல்லை. சின்னபொண்ணு பிழைத்துக்கொண்டாள்.

சக்கரபாணி வெளியே நின்று அழுதான். "நீங்க காலையில ஊர்ல இருந்திருந்தா எம்புள்ள பொழைச்சிருக்கும்மா." அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு அவனிடம், "ஆமாம்பா, இப்பத்தான் வந்தேன்" என்றாள்.

17 ஜனவரி
எனக்காகப் பொய் சொன்னாள். அதிலும் அவள்தான் என்னைவிட உசத்தி. இப்படி நினைக்கிறதே இந்த மனசு, இது என்ன மனசு? ஒரு பிள்ளையைப் புதைத்தாகிவிட்டது, இன்னும் அவளோடு மல்லுக்கு நிற்கிறேன். சீ.

18 ஜனவரி
காலையில் வாசல் கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவர் வந்தப்ப நான் உள்ளதானே இருந்தேன், அக்கா?"

"ஆமா."

"ஏன்?"

"உன்னைத்தான் கேட்டாங்க. எல்லாரும் உன்னையே கேக்குறாங்க. என்னால தாங்க முடியல." அவளை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அன்னிக்கு அந்தாளு நிலைமையில உண்மையைச் சொன்னா அவரு தாங்கமாட்டாருன்னுதான் பொய் சொன்னேன், உங்களைக் காப்பாத்த இல்ல. ஆறு மாசம் நீங்க பிரசவத்துக்குப் போகக்கூடாது. சுரம், புண்ணு, ஊசி மட்டும் பாருங்க. மாசிலாமணி சார்கிட்ட நீங்களே சொல்லணும்" என்றாள்.

சரி என்றேன்.

25 ஜனவரி
மாசிலாமணி சாரிடம் சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று பெட்டியைக்கூடக் கட்டி வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "டாக்டர் சொன்ன மாதிரியே செய்" என்றார்.

9 பிப்ரவரி
சின்னபொண்ணு வீட்டுக்குப் போனேன். டாக்டர் ஊரில்தான் இருந்தார், பொய் சொன்னது நான் என்று சொன்னேன். சக்கரபாணி கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தான். "போய்டுங்க. நான் எதுனா செய்றதுக்குள்ள போய்டுங்க" என்றான். சின்னபொண்ணு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போனால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. ஆகவும் கூடாது.

30 ஜூலை
ஆறு மாதம் முடிந்தது. "இன்னிக்கு ஆலங்குப்பத்துல ஒரு கேசு. வர்றீங்களா?" என்று கேட்டாள். போனேன். பெண் குழந்தை.

12 டிசம்பர் 1941
சின்னபொண்ணுக்கு மறுபடி பிரசவம். இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும், "அவங்க உள்ள வரவேணாம்" என்றாள். நான் கொல்லையில் வெந்நீர் போட்டேன். அழுகுரல் கேட்டது. ஆண் பிள்ளை, நல்ல கனம். வெந்நீர்க் குண்டானை வாசற்படிவரை கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இதற்கு எனக்கு யார்மேலும் பொறாமை வரவில்லை. ஆச்சரியமாக இருந்தது.

3 மே 1943
யுத்தத்தினால் மருந்துச் சரக்கு இல்லை. குயினைனுக்கு விழுப்புரம்வரை போய்ச் சும்மா திரும்பினேன். கூட்டம் மட்டும் குறையவில்லை. சங்கம் கட்டித் தந்த புதுக் கட்டடத்தில் ஆறு கட்டிலிலும் ஆள், கீழே பாயிலும் ஆள். பெரிய தெருக்காரரும் சேரிக்காரரும் அடுத்தடுத்த பாயில் படுத்திருக்கிறார்கள். சுரம் வந்தவனுக்கு அதைப் பற்றி யோசிக்கத் தெம்பில்லை.

அவளுக்கும் சுரம். நூற்றுமூன்று. நான்கு நாளாய் நான்தான் எல்லாம். ஜனங்கள் எல்லோரும், "டாக்டரம்மாவுக்கு எப்டிக்கீது?" என்றுதான் கேட்கிறார்கள். சுருக்கென்றுதான் இருக்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் அவளுக்கு வைத்த கஞ்சி ஆறிவிடப் போகிறதே என்று ஓடுகிறேன்.

10 ஆகஸ்ட் 1946
சங்கம் மேல்மலையனூரில் ஒரு கிளை திறக்கப் போகிறது. அமாவாசைக்கு அமாவாசை அங்காளம்மன் கோயிலுக்கு அவ்வளவு ஜனம் வருகிறது, ஒரு மருந்துப்பெட்டிகூடக் கிடையாது. யார் பொறுப்பு என்று பேச்சு வந்தது. அவள் எழுந்து, "மேரியக்காதான். இங்க மண்டியை ஆஸ்பத்திரியா ஆக்கினது அவங்க. எனக்கு முன்னாடியே" என்றாள்.

எட்டு வருஷமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். கேட்டதும் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? என்னை அனுப்பிவிடப் பார்க்கிறாளே என்று. நான் திருந்துவேனா?

4 அக்டோபர்
மேல்மலையனூர். ஓர் அறை, ஒரு தாழ்வாரம், கிணறு. வாசலில் என் பெயர்தான் எழுதியிருக்கிறது. நான் எழுதச் சொல்லவில்லை.

நாள் முழுக்கப் பேச ஆளில்லை.

23 நவம்பர், அமாவாசை
நேற்றிலிருந்தே வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. மழை வேறு. காலையிலிருந்து எண்பது பேருக்கு மேல் பார்த்துவிட்டேன்: வாந்தி, பேதி, வண்டிச்சக்கரம் ஏறிய கால் ஒன்று. காலைக் கட்டிவிட்டேன். தனியாகவே முடிந்தது.

ஆனாலும் போன வாரமே அவளுக்கு ஒரு கார்டு போட்டிருந்தேன்: அமாவாசைக்கு நீ வந்தால் நல்லது, கூட்டம் தாங்காது என்று. கூட்டம் ஒரு சாக்குதான். செஞ்சியிலிருந்து வரும், கரியில் ஓடும் பஸ் ஒரு மணிக்கு வர வேண்டியது. மணி மூன்றாகிறது. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைத்து மூடி வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு நடுவில் மூன்று தடவை ரோட்டு முனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இதோ, ஹாரன் சத்தம். குடையை எடுத்துக்கொண்டு போகிறேன்.