தங்கத்தில் ஏறிய கொடி

பிரின்கோய்ட் தாவரவியல் பூங்கா, வேல்ஸ்
3 மார்ச் 2016

மதிப்பிற்குரிய பிரைஸ் ஐயாவுக்கு,

என் பெயர் நெரிஸ் ப்ரோபெர்ட். பூங்காவின் காட்சிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் நூற்றாண்டுக்காக நீங்கள் செதுக்கிய தங்க நாணயத்தைக் காட்சிக்கு வைக்கிறோம். தங்கத்தில் மிகச் சிலவே அடித்தார்களாமே! கையுறை போட்டு, உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்தேன்.

ஒரு சந்தேகம். கண்ணாடி வீட்டிலுள்ள எங்கள் காட்டுவள்ளிக் கொடி, முன்னால் நின்று பார்த்தால், வலமிருந்து இடமாகக் கம்பத்தில் ஏறும். நாணயத்தில் நீங்கள் செதுக்கிய கொடியோ இடமிருந்து வலமாக ஏறுகிறது. ஏன்?

நேரில் கேட்க எனக்கு வாய் வராது. பஸ் ஓட்டும் என் அப்பாதான், "எழுதிக் கேளேன், அவரு என்ன கடிச்சா திங்கப்போறாரு?" என்றார்.

பணிவுடன்,
நெரிஸ்

9 மார்ச்

நெரிஸ்,

கடிக்க மாட்டேன். பல் இல்லை.

நாணயம் அடிக்கும் அச்சில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும்; அப்போதுதான் நாணயத்தில் நேராக விழும். எழுத்துகள் சரியாக விழுந்திருக்கின்றன. கொடியை மட்டும் நான் மாற்ற மறந்துவிட்டேன் என்று நாணயச்சாலையில் முடிவு கட்டினார்கள். "கெத்தினுக்குக் கண்ணு போச்சுப்பா" என்று என் காதுபடவே பேசினார்கள். அதன்பிறகு வேலை வரவில்லை. நானும் பென்சிலைத் தொடவில்லை.

பார்த்ததைத்தான் வரைந்தேன் என்று இரண்டு வருடம் சொன்னேன். இப்போது எனக்கே நிச்சயமில்லை. நாணயத்தின் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டையில் என்ன எழுதப் போகிறீர்கள்?

கெத்தின் பிரைஸ்

14 மார்ச்

பிரைஸ் ஐயாவுக்கு,

"செதுக்கியவரின் பிழை" என்று எழுதச் சொல்லியிருக்கிறார் இயக்குநர். இன்னும் எழுதவில்லை. எந்த மாதம், எந்தக் கம்பத்தருகே உட்கார்ந்து வரைந்தீர்கள்? பூ இருந்ததா?

நெரிஸ்

18 மார்ச்

நெரிஸ்,

ஆகஸ்ட். வாசலை ஒட்டிய கம்பம். இதய வடிவ இலை. வெள்ளையாக, புனல் மாதிரி ஒரு பூ. நாணயத்தில் இடம் போதாமல் பூவை விட்டுவிட்டேன்.

கெத்தின்

27 மார்ச்

அன்புள்ள பிரைஸ் ஐயா,

உங்கள் கடிதத்தைத் தோட்டத்து மேற்பார்வையாளர் ஓல்வென் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "வெள்ளைப் புனலா? அட சனியனே!" என்று சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "காட்டுவள்ளி அப்படிப் பூக்காதுடி. அது வேலியில படர்ற களை! சுவருக்கு அடியில பூந்து வந்து எங்க கொடிமேலயே ஏறிக்கும். இலையும் பாக்க ஒண்ணுபோலத்தான். அந்த ஆகஸ்ட் நான் லீவுல இருந்தேன், யாரும் பிடுங்கல."

வேலிக்குப் போய்ப் பார்த்தேன். போன வருடத்துக் காய்ந்த தண்டுகள் கம்பியை இன்னும் விடவில்லை. எல்லாமே இடமிருந்து வலம், நாணயத்தில் இருப்பதுபோலவே. உங்கள் கண் போகவில்லை, ஐயா.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். இயக்குநர், "தங்கத்துல களையா? வெளிய சொல்லாதம்மா, மானம் போயிரும்" என்றார். பிழை என்று எழுத என் கை வராது என்றேன். காட்சியிலிருந்து நாணயத்தையே எடுத்துவிட்டார். மன்னித்துவிடுங்கள். அதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அன்புடன்,
நெரிஸ்

2 ஏப்ரல்

அன்புள்ள நெரிஸ்,

பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், பாதகமில்லை.

இன்று காலை கொல்லை வேலியில் அந்தக் களை முளைவிட்டிருந்தது. நாற்காலியை அங்கேயே இழுத்துப் போட்டு வரைந்தேன். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இலை நரம்பில் சந்தேகம் இருக்கிறது; சரிபார்த்து எழுது.

கெத்தின்