அலமாரிக் கதவில் ஒட்டிய பாடப்பட்டியல்

அங்காரா
14 அக்டோபர் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

தொலைபேசியில் கத்தினால் விடுதி முழுக்கக் கேட்கும், உங்களுக்கு மட்டும் கேட்காது. கொதிகலன் பட்டறை உங்கள் காதைத் தின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன். கிடைத்துவிட்டது அப்பா! வரலாற்றோடு பொருளாதாரத்தையும் இரண்டாவது முதன்மைப் பாடமாகப் படிக்க என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முடித்தால் இரண்டு பட்டம்.

கேட்பீர்கள் என்று பட்டியலும் எழுதுகிறேன். நுண்பொருளியல் இரண்டு தாள், பேரளவுப் பொருளியல் இரண்டு, கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு, பொருளாதார அளவையியல், பணமும் வங்கியும், துருக்கியப் பொருளாதாரம், கடைசியில் ஒரு கருத்தரங்கு. ஆகப் பன்னிரண்டு.

அலுவலக அம்மாள் கண்டிப்பாகச் சொன்னார்: "பாரும்மா, சராசரி ஒரு தடவை குறைஞ்சா மன்னிச்சு விட்டுடுவோம். ரெண்டாம் தடவை குறைஞ்சா பேரை எடுத்துடுவோம். அப்புறம் உனக்கு வரலாறு மட்டும்தான்." நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் கையையும் அம்மா கையையும் முத்தமிடும்,
நிகார்

சிவாஸ்
20 ஜனவரி 1999

என் கண்ணு நிகாருக்கு,

உன் பட்டியலைப் பட்டறையில் என் அலமாரிக் கதவில் ஒட்டியது உனக்குத் தெரியும். நீ தேறினேன் என்று எழுதும்போதெல்லாம் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக். ஏழு ஆகிவிட்டது. பழைய புத்தகக் கடையில் உன் பாடப் புத்தகம் ஒன்று கிடைத்தது. நானும் படிக்கிறேன், சிரிக்காதே.

தேநீர்க்கடை பெக்கிர் விலையை ஏற்றினான். ஒருவனும் ஒரு கிளாஸ் குறைக்கவில்லை. "இதுதாண்டா நெகிழ்ச்சி இல்லாத தேவை" என்றேன். "அப்படின்னா துர்சுன் அண்ணனுக்கு மட்டும் இன்னும் ஏத்தறேன்" என்று என்னைக் காட்டிச் சொல்கிறான் கழுதை.

கடையில் என்னோடு உட்காரும் ரிஸாவின் மகன் பொறியியலைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். நான் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "உன் பையனால ஒண்ணையே முடிக்க முடியலே ரிஸா, எம் பொண்ணு ரெண்டைச் சுமக்குறா!" கடையே சிரித்தது. ரிஸா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஒரு சந்தேகம். ரொட்டி விலை ஏறிய பிறகு எதிர்வீட்டில் முன்னைவிட அதிகமாக ரொட்டி வாங்குகிறார்கள். புத்தகத்தில் நேர்மாறாக இருக்கிறதே?

உன் கண்களை முத்தமிடுகிறேன்.
அப்பா

அங்காரா
9 பிப்ரவரி 1999

அப்பா,

இன்று அறிவிப்புப் பலகையில் என் பெயர் இருந்தது. கணிதம் இரண்டாம் தாளில் மறுபடியும் தோற்றுவிட்டேன். சராசரி இரண்டாம் முறையாகக் குறைந்தது. பொருளாதாரத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

உங்கள் கடிதமும் இன்றுதான் வந்தது. ரிஸா மாமா எழுந்து போன இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இனி நீங்கள் எந்த முகத்தோடு அந்தக் கடைக்குப் போவீர்கள்? என்னால்

(அனுப்பத் தைரியம் வரவில்லை. நி.)

அங்காரா
19 மார்ச் 1999

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள், வேலை அதிகம். உங்கள் கேள்விக்குப் பதில்: ரொட்டி விலை ஏறியதும் காசெல்லாம் அதற்கே போய், எதிர்வீட்டாருக்கு இறைச்சி எட்டாமல் போய்விட்டது. இறைச்சியை விட்டுவிட்டு, அந்தக் குறையையும் ரொட்டியாலேயே நிரப்புகிறார்கள். ஏழைகளிடம் மட்டும் இப்படி நடக்கும்.

கணிதம் இரண்டாம் தாள் முடிந்தது. டிக் போட்டுவிடுங்கள்.

உங்கள் கையை முத்தமிடும்,
நிகார்

சிவாஸ்
10 ஏப்ரல் 2000

என் கண்ணு நிகாருக்கு,

பதினொரு டிக். கருத்தரங்கு ஒன்றுதான் பாக்கி. அன்று நீ ரொட்டிக்குச் சொன்ன பதிலைப் படித்ததிலிருந்து, வீட்டில் இறைச்சி சமைத்தால் அம்மா ஒரு தட்டு எதிர்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். உன் படிப்பால் ஒரு வீடாவது சாப்பிடுகிறது.

ஜூனில் பட்டமளிப்புக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டேன். இரண்டு பட்டத்தையும் நீ இரண்டு கையில் பிடித்திருக்கும்படி ஒரு படம் எடுக்க வேண்டும். கடையில் மாட்டப் போவதாக பெக்கிர் சொல்கிறான்.

உன் கண்களை முத்தமிடுகிறேன்.
அப்பா

அங்காரா
2 மே 2000

அப்பா,

ஒரே ஒரு பட்டம்தான். இத்துடன் இருக்கும் பழைய தாளைப் பாருங்கள். தேதியையும் பாருங்கள். அன்று எழுதியதை இன்று அனுப்புகிறேன்.

ஏழுக்குப் பிறகு நீங்கள் போட்ட நான்கு டிக்கும் பொய். ரொட்டிக்குப் பதில் சொன்னதும் நான் இல்லை, அறைத் தோழி பெரிஹான். அம்மா தட்டு அனுப்புவதாகப் படித்தபோது கழிவறையில் போய் அழுதேன். உங்கள் அடுத்த கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காக, என் பெயர் இல்லாத வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஆசிரியர் வருகை எடுக்கும்போது குனிந்துகொள்வேன். அதற்கெல்லாம் பட்டம் கிடையாது.

வெட்கமாக இருக்கிறது. பாடத்தில் தோற்றதற்கு அல்ல, உங்கள் பென்சிலை ஏமாற்றியதற்கு. கையை முத்தமிடுகிறேன் என்று எழுத எனக்குத் தகுதி இல்லை.

நிகார்

சிவாஸ்
11 மே 2000

நிகாருக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அம்மா பேருந்தில் சூப்புமாவு அனுப்பியிருக்கிறாள், வாங்கிக்கொள். ஜூனில் எனக்கு வேலை இருக்கிறது.

துர்சுன்

சிவாஸ்
16 மே 2000

என் கண்ணு நிகாருக்கு,

போன கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்ட உடனே திரும்ப எடுக்கக் கையை விட்டேன். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. தபால்காரன் வந்து, "என்ன மாமா, தபால் திருடுறீங்களா?" என்றான். காது கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

உன் பழைய தாளைப் பத்துத் தடவை படித்திருப்பேன். பாதியில் நிற்கும் அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. பொய் பொய்தான், எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் உன் வாயை அடைத்தவன் நான். கடையில் நான்கு பேர் சிரிப்பதற்காக இன்னொருவனுடைய பிள்ளையைத் தூக்கிப் போட்டு மிதித்தேன். அதை நினைத்தால் கூசுகிறது.

நேற்று கடைக்குப் போனேன். எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன்: "எம் பொண்ணைப் பொருளாதாரத்துலேருந்து எடுத்துட்டாங்க. வருஷத்துக்கு மேல ஆச்சு. அன்னிக்கு உன் பையனைச் சொன்னதுக்கு மன்னிச்சுடு ரிஸா." ரிஸா எதையோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. எழுந்து வந்து காதருகில் கத்தினான்: "உக்காருங்கண்ணே, டீ ஆறுதுன்னேன்!" உட்கார்ந்தேன். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு டிக்கையும் ரப்பரால் அழித்தேன். சிவப்பு முழுதாகப் போகவில்லை, இருக்கட்டும். கடைசி வரிசையில் குனிந்துகொண்டு படித்தாயே, அதற்கு எங்கே டிக் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

கோட்டு தயார். ஒரு பட்டத்துக்கு வருகிறோம். பெரிஹானையும் படத்தில் நிற்கச் சொல்.

உன் கண்களை முத்தமிடுகிறேன். ஒரு கண் இந்தக் கடிதத்துக்கு, இன்னொன்று போன கடிதத்துக்கு.

அப்பா