நீலத் தீ யார் கைவேலை

ஐப்பசி 12, செவ்வாய்.

ஒட்டன்சத்திரத்துக்காரர் எங்கள் பட்டறையில் பெயின்ட் அடிக்கக் கொடுத்திருந்த பைக் டேங்க்கை எடுத்துப்போக வந்தார். கறுப்பில் எரியும் நீலத் தீயைத் தடவிப் பார்த்தார்.

"நெசத் தீயாட்டவே இருக்குதுங்க. யாரு கைவேலைங்க?"

"என் கைதான்" என்றேன்.

பின்னால் என் மனைவி ஸ்டெல்லா பெயின்ட் பீச்சும் ஏர்பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மாதிரி மெல்லிய நீலத்தை ஏழு தடவை, ஒவ்வொரு தடவையும் காயவிட்டு, அடித்தவள் அவள். நான் அடித்தால் முதல் பூச்சிலேயே வழிந்துவிடும். தீயின் ஓரத்துக்கு டேப் ஒட்டியது மட்டும்தான் நான்.

வந்தவர் தன் தம்பி வண்டிக்கும் இதே தீ வேண்டும் என்றார். தலையாட்டிவிட்டேன்.

ராத்திரி சோற்றுக்கு வெஞ்சனம் வைத்தாள். நகக்கண்ணெல்லாம் நீலம்.

"அந்தத் தம்பி வண்டிக்கும் நீங்களே அடிச்சிருங்க."

குரலில் கோபம்கூட இல்லை. சோற்றில் வைத்த என் கையைப் பார்த்தேன். ஒரு பொட்டு நீலம் இல்லை.