பையில் ஐந்து போன்

பாபநாசம்,
மாசி 9, வெள்ளி.

அன்பு மகள் செம்மொழிக்கு அப்பா வைரக்கண்ணு எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் வயிற்றுப் பிள்ளை நலமும் அறிய ஆசை.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உன் பெயரில் உள்ள ‘ழி’ சரியாக வருவதற்குள் மூன்று தாள் போய்விட்டது. ஆனாலும் பார், அறுபத்தாறு வயதில் நான் என் கையாலேயே எழுதுகிறேன். போன வாரம் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் உன் ஊர் பஸ்ஸில் ‘ஓசூர்’ என்ற போர்டை நானே படித்தேன். யாரையும் கேட்கவில்லை. பஸ் கிளம்பும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எப்போது அழைத்துப் போக வருவீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் அரிசி மில்லை முதலாளி மகன் தமிழ்மாறன் சென்னையிலிருந்து நடத்துவது உனக்குத் தெரியும். ஐப்பசியில் ஒன்பது பேருக்கும் போன் கொடுத்து, ஆபீஸ் ஆப் ஒன்றைப் போட்டார். களத்தில் அவித்த நெல் காயும்போது அரை மணிக்கு ஒரு தரம் ‘கிளறியாச்சா’ என்று அது கேட்கும். ஆச்சு என்று அழுத்த வேண்டும். பதினொரு மணிக்கு எல்லோரும் வீடியோவில் முகம் காட்ட வேண்டும்.

களத்துப் பெண்கள் ஐந்து பேருக்கும் படிக்கத் தெரியாது. எனக்கு அப்போதுதான் மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருந்தது. அந்தக் குஷியில் கொடுங்கள் என்று ஐந்து போனையும் வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன். அவர்கள் கிளறுவார்கள், நான் அவர்களுக்கும் சேர்த்து அழுத்துவேன். நாலு மாதமாக ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஒன்பது பேர் இருக்கிற மில்லுக்கு இதெல்லாம் தேவையா என்று பெரிய முதலாளி கேட்கிறாராம். தமிழ்மாறன் வீடியோவில் என்னைத்தான் கேட்டார். ரொம்ப உபயோகம் தம்பி என்று சொல்லிவிட்டேன். முழுப் பொய்யில்லை. பெல்ட் அறுந்த அன்று போட்டோ அனுப்பினோம், சாயங்காலத்துக்குள் புது பெல்ட் வந்தது. ஆனால் பதினொரு மணி வெயிலில் எல்லோரும் முகம் காட்டி நின்ற ஒருநாள், நெல் அதிகம் காய்ந்து அரிசி நொய்யாகப் போனதே, அதை யாரும் சொல்லவில்லை.

பிறகு உன்னை அழைத்து வர நாலு நாள் லீவு கேட்டேன். “உங்களாலதான் களம் இவ்வளவு ஒழுங்கா ஓடுது. அறுவடை முடியட்டும், போங்கய்யா” என்றார். நான் போனால் ஐந்து போனும் பேசாது. பெண்கள் வேலை செய்யவில்லை என்று ஆகிவிடும்.

ஒன்பதாம் மாதம் பிறந்தால் பஸ்ஸில் வரக் கூடாதென்று டாக்டர் சொன்னாரே, அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். அம்மா அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்துவிட்டாள். தான் மட்டும் வந்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அழுகிறாள்.

ஐந்து போனையும் நானே அழுத்தி வந்ததையெல்லாம் தமிழ்மாறனுக்குக் கடிதமாக எழுதி மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இன்று அந்தப் பெண்களிடம் படித்துக் காட்டினேன். அவர்களில் செவ்வந்திதான், “நெல்லக் கிளறுறது எங்க காலுய்யா, உங்க பை இல்ல. தபால்ல போட்டுட்டு வாங்க, வர்றது வரட்டும்” என்றாள்.

இந்தக் கடிதத்தோடு அதையும் ஒரே பெட்டியில் போடப் போகிறேன். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. நீ மட்டும் தனியாகக் கிளம்பிவிடாதே அம்மா. துணிமணியை எடுத்து வை. கனமாக எதையும் தூக்காதே. நல்லபடியாக இரு.

அடுத்த வெள்ளிக்கிழமையும் எழுதுகிறேன். அந்தக் கடிதத்தை நானே உன் கையில் கொண்டுவந்து கொடுக்கும்படி ஆகட்டும்.

உன் அப்பா,
வைரக்கண்ணு