அப்பா வைத்த நேர்த்தி

பத்து காஜா, மலேசியா
2.3.2025

அன்பு மகள் துளசிக்கு,

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். போன வருடம் உன் முட்டியை அறுத்த டாக்டர், இனி கால்பந்து விளையாடுவது கஷ்டம் என்றார். அன்றே எஸ்டேட் மாரியம்மனிடம் போய், என் மகள் மறுபடி ஓடினால் பூக்குழி இறங்குவாள் என்று நேர்ந்துகொண்டேன். நீ ஓடிவிட்டாய், பாங்காக் கிளப்பிலும் எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 13 தீமிதி. 6-ஆம் தேதி காப்புக் கட்டு. லீவு சொல்லிவிட்டு வா, அம்மாடி.

அப்பா
பிச்சைமுத்து

பாங்காக்
11.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மேனேஜரிடம் கேட்டேன். சிரித்தார். தீமிதி படத்தைக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. காலைச் சுட்டுக்கொண்டு வந்தால் ஒப்பந்தம் ரத்து என்கிறார். அன்றைக்கு மேட்சும் இருக்கிறது. எனக்கு இருபத்தொன்பது வயது, இனி வேறு கிளப் கூப்பிடாது.

என் காலை நேர்வதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கோபமாகத்தான் இருக்கிறது. பால்குடம் எடுத்தால் போதுமா என்று பூசாரியிடம் கேளுங்கள்.

துளசி

பத்து காஜா
20.3.2025

அன்பு மகளுக்கு,

பூசாரி சீனியிடம் கேட்டேன். "நேந்தது பூக்குழி லா, அண்ணே. பால்குடம் பத்தாது. புள்ள வரலன்னா பெத்தவரு எறங்கலாம்" என்றான். நானே இறங்குகிறேன். எனக்கென்ன, நான் பந்தா விளையாடப் போகிறேன்?

அப்பா

பாங்காக்
28.3.2025

அப்பா,

இனிப்புநீர் வியாதியில் மரத்துப்போன கால் உங்களுடையது. ஆணி குத்தியதுகூடத் தெரியாமல் நாள் முழுக்க நடந்தவர் நீங்கள். உங்களை நெருப்பில் இறக்கிவிட்டு நான் இங்கே விளையாட மாட்டேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். நானே வந்து இறங்குகிறேன். கிளப் போனால் போகட்டும்.

துளசி

பத்து காஜா
6.4.2025

அம்மாடி துளசி,

தபால் வந்து சேர நாளாகும். உன் அக்கா தினேஸ்வரி இதைப் படம் பிடித்து இப்போதே அனுப்புவாள். டிக்கெட்டை ரத்து செய்.

நீ வருமுன் நானே முந்திக்கொள்ளலாம் என்று இன்று காப்புக் கட்டக் கையை நீட்டியவன், பின்னால் இழுத்துக்கொண்டேன். "என்னண்ணே?" என்றான் சீனி. "காலு எம்புள்ளயோடது. அவள கேக்காம நேந்துட்டேன், தப்பு. நானும் எறங்கல, அவளும் வரமாட்டா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

எனக்குப் பயம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ தடுக்கி விழுந்தால் அம்மன்தான் தள்ளினாள் என்று நினைத்துச் செத்துப் பிழைப்பேன். இருந்தாலும் நீ ஆடு.

அப்பா