தொட்டி நிறையத் தண்ணீர், குழாயில் சொட்டு

ஆனி 9, திங்கள்
விடிந்ததிலிருந்து மேல்காற்று. காயப்போட்ட துணி முழுக்கப் புழுதி. அடுப்படியில் பாத்திரம் கழுவும் அங்கணத்துக் குழாய் நின்றுவிட்டது. நேற்றுவரை நூல் மாதிரியாவது வந்தது. இன்று வெறும் சொட்டு. கிணற்றடித் தொட்டியிலோ விளிம்புவரை தண்ணீர்.

போன வருஷம் தண்ணீர் இறைத்துச் சுமந்ததில், வயிற்றில் ஒன்று தங்காமல் போனது. அதற்கப்புறம்தான் இவர் கிணற்றடியில் மேடை கட்டி, தொட்டி வைத்து, அங்கணம்வரை குழாய் இழுத்தார். "இனிமே நீ வாளியத் தொடக்கூடாதுட்டி." தினமும் தானே இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் பஞ்சுக்கடைக்குப் போவார். தெருவில் இதுதான் முதல் வீட்டுக்குழாய். இவருக்குப் பெருமை தாங்காது. எனக்கு இப்போது ஏழாம் மாதம்.

எதிர்வீட்டுக் கோமதி அக்கா: "நம்மூரு உப்புத்தண்ணி சோப்பையே நுரைக்க விடாது. கொழாய மட்டும் சும்மா விடுமா?"

ஆனி 10, செவ்வாய்
வெயில். இவர் ரெஞ்சு இரவல் வாங்கிவந்து குழாய் முனையில் இருந்த பித்தளைத் திருகைக் கழற்றினார். உள்ளே சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைக் கல். ஊசியால் குத்தினேன். ஊசி வளைந்தது.

கோ. அக்கா யோசனை: "செம்புல உப்புப் படிஞ்சா என்னத்தப் போட்டுத் தேய்க்கோம்? புளிதான. அதுல ஊறப்போடு." வீட்டில் புளி கொஞ்சம்தான். அக்காவே ஒரு உருண்டை கொண்டுவந்தாள்.

இவர் திருகு ஊறும் புளிச்சட்டியை எட்டிப் பார்த்து, "ராத்திரிக்குக் கொழாய்க் கொழம்பா?"

சிரித்த சிரிப்பில் வயிறு இழுத்துப் பிடித்தது. பயந்து உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுமில்லை. உள்ளேயிருந்து ஒரு உதை. அதுக்கும் சிரிப்புப் போல.

ஆனி 12, வியாழன்
திருகு பளபள. மாட்டினோம். மறுபடி சொட்டு. அப்படியானால் அடைப்பு குழாய்க்குள். எங்கே? முழுக்கக் கழற்ற வேண்டுமாம்.

அதுவரை இவர்தான் அங்கணத்துக்கு வாளி சுமக்கிறார். கடைக்குத் தாமதம், முதலாளியிடம் வசவு. தெருவில் ஒருவர்: "என்னவே, வீட்டுல தண்ணி சொமக்கீராம்?" இவர்: "ஆமாவே. ஒமக்கும் ரெண்டு வாளி வேணுமா?"

மத்தியானம் அங்கணத்தில் தண்ணீர் தீர்ந்தது. மேடைத் தொட்டி எனக்கு எட்டாது. ஒரே ஒரு வாளி இழுத்தால் என்ன என்று கிணற்றடிவரை போனேன். கயிற்றைக் கையிலும் பிடித்தேன். போன வருஷம் நினைவு வந்தது. விட்டுவிட்டு வந்தேன். பாத்திரம் அப்படியே கிடக்கட்டும்.

ஆனி 13, வெள்ளி
எண்ணெய்க் குளியல். வெந்நீர் அண்டாவின் அடியில் ஓடு ஓடாக உப்பு. பக்கத்தில் பச்சைத்தண்ணீர்க் குடம், அதில் லேசான கறைதான். ஒரே கிணற்றுத் தண்ணீர். அப்படியென்றால் சூடுதான் உப்பை உட்கார வைக்கிறது.

ஈரத்தலையோடு எழுந்து போய்ப் பார்த்தேன். வெந்நீர் அடுப்பு இருக்கும் சுவருக்கு மறுபக்கம்தான் குழாய் போகிறது. தொட்டேன். கை பொசுங்கியது. சந்தோஷம்!

இவர் வந்ததும் சொன்னேன்.

"எல்லாத்தையும் கழத்த வேண்டாம். அடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கத் துண்ட மட்டும் பாருங்க."

"மத்ததெல்லாம்?"

"நல்லாத்தான் இருக்கும்னு நெனைக்கேன்."

ஒரு கும்பிடு போட்டார். "சரிங்க இஞ்சினியரம்மா."

ஆனி 15, ஞாயிறு
இவருக்கு விடுமுறை. காலையிலேயே கழற்றியாயிற்று. அந்தத் துண்டில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. மற்ற இடத்தில் மெல்லிய பூச்சுதான். கம்பியால் இடித்து, தட்டி, ஒரு முனையில் துணி அடைத்துப் புளித்தண்ணீர் ஊற்றி, மறுபடி இடித்து. முற்றமெல்லாம் வெள்ளைத் துணுக்கு. கோழி கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

வெந்நீர் அடுப்பு: கொல்லை மூலைக்கு. (ஆயிற்று.)
ரெஞ்சு: நாளை கொடுக்க.
கோ. அக்காவுக்குப் புளி.

சாயங்காலம் மாட்டித் திறந்தார். முதலில் காற்று, பாம்பு மாதிரிச் சீறல். பிறகு பால்போல் கலங்கல். பிறகு தண்ணீர், கட்டைவிரல் தடிமனுக்கு! இவர் சட்டையோடு தலையைக் கொண்டுபோய்க் குழாயடியில் நீட்டிவிட்டார்.

"வருதுட்டி! நல்லா வருதுட்டி!"

"தெரியுது. தள்ளுங்க, நான் எப்பப் பிடிக்க?"

தள்ளினார். குடத்தை வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். அது நிறைந்து, வழிந்து, கால் இரண்டையும் நனைத்தது. மூட மனசு வரவில்லை.