டீசல் இறக்கும்வரை சாவி போடாதே

“டீசல் போடச் சொன்னேன், வெசத்தையா ஊத்தச் சொன்னேன்?”

“அப்பா, அது பெட்ரோல் காருங்க—”

“முப்பது வருசம் லாரி ஓட்டுனவனுக்கு நீ—”

“அந்த லாரிப் பழக்கந்தான் பங்க்குல டீசல்னு சொல்ல வச்சுது. இனிமே என் கார் சாவியத் தொடாதீங்க.”

தமிழரசு சாமி, நேற்று நீயும் அப்பாவும் போட்ட சண்டை இன்னும் என் காதுக்குள் ஓடுகிறது. தீர்த்துவைக்க இந்த அம்மாவுக்குத் தெம்பில்லை. உன் சித்தி மகள் தனப்பிரியாவின் வளைகாப்புக்கு நாங்கள் பஸ்ஸிலேயே ராசிபுரம் போகிறோம்.

மெக்கானிக் மணிமாறன் வந்து டேங்கிலிருந்து டீசலை இறக்கித் தருவார். அதுவரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதே, இஞ்சின் கெட்டுவிடும் என்று போனில் சொன்னார். சாவி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அவருக்கு டீ போட்டுக் கொடு. உனக்கு அரிசிம்பருப்பு சாதம் மூடி வைத்திருக்கிறேன், நெய் விட்டுச் சாப்பிடு. அப்பா நேற்றிலிருந்து வெறும் பச்சைத்தண்ணியோடு இருக்கிறார்.

இன்னொன்று, சாமி. கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்துத் துடைத்துக்கொண்டே அப்பா கேட்டார். அதை அப்படியே உனக்கு எழுதி வைக்கிறேன்:

“ஏம்புள்ள, இதை அடுத்த மாசம் புதுப்பிக்கணும். வேணுமா வேண்டாமான்னு அவனைக் கேட்டுச் சொல்லு.”